மஞ்சள் அரையா ஐநூறா

பஸ்தியான் வீட்டில் மஞ்சள் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை அவன் மனைவி செலஸ்தீன் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள். மஞ்சள்தூள் இருந்த கிண்ணத்தில் உப்பு மாதிரி ஏதோ இருந்தது. முகர்ந்தாள், மஞ்சள்தான். நாக்கில் வைத்தாள், மஞ்சள்தான். முட்டையை உடைத்தாள், கருவும் வெள்ளையாக விழுந்தது. எலுமிச்சம்பழம் சுண்ணாம்பு உருண்டையாகக் கிடந்தது, மாதா படத்துக்கு முன்னால் எரிகிற குண்டு பல்பு டியூப்லைட் மாதிரி எரிந்தது, கழுத்துத் தாலி ஈயத்தில் அடித்தது போலத் தொங்கியது. கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, இல்ல" என்றாள். இரண்டு பேரும் காபி குடித்தார்கள்.

எங்கள் காலனி கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் காலனி. துறைமுகத்துக்கு வடக்கே, உப்பளம் முடிகிற இடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு ஆனதும் சபாபதி வீட்டு மாடிக் கொட்டகையில் நாலு பேர் கூடுவார்கள். சபாபதி கப்பலில் ரேடியோ ஆபீசர். பஸ்தியான் போசன், டெக்கில் வேலை பார்க்கிற ஆட்களுக்குத் தலைவன். இசக்கிராஜன் எஞ்சின் அறையில் எண்ணெய் போட்டவன். கோயில்பிள்ளை சமையல். ஆட்டம் போக்கர். கையில் இருக்கிற சீட்டையும் மறைத்து, முகத்தில் இருக்கிறதையும் மறைத்து, நடுவில் வில்லைகளைத் தள்ளி எதிராளியைப் பயமுறுத்துகிற ஆட்டம். காசு கிடையாது. காசு வைத்தால் போலீஸ் வரும், அதற்கு முன்னால் பெண்டாட்டிமார் வருவார்கள். வில்லைகள் மட்டும்தான். சபாபதி ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய பெட்டி; வெள்ளை, சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று ஆறு நிறத்தில் வட்ட வில்லைகள். சிப்ஸ் என்று சொன்னால் எங்களுக்கு எண்ணெய்ச் சட்டிதான் ஞாபகம் வரும், அதனால் வில்லை. ஜெயிக்கிறவனுக்குப் பரிசு, அடுத்த வாரம் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலி. சித்திரை மாதத்தில் எங்கள் ஊரில் உட்கார்ந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிய பரிசு என்று தெரியும்.

வீட்டில் இந்த ஆட்டம் ஆடுகிறவன் செய்யவேண்டியது இரண்டுதான். சீட்டைக் குலுக்குகிறதற்கு முன்னால் எந்த நிறம் எவ்வளவு என்று சொல்லி, எல்லோரும் தலையாட்டவேண்டும். ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பெட்டியில் போட்டுப் பூட்டவேண்டும். இந்த நாலு மடையன்களும் இரண்டையும் செய்யவில்லை.

ஏன் என்றால் நாலு பேரும் நாலு கப்பல். வெள்ளை ஒன்று, சிவப்பு ஐந்து, இதுவரை நாலு கப்பலும் ஒன்றாகப் போகும். நீலத்தில் தட்டும்.

"நீலம் பத்து" என்பான் சபாபதி.

"எந்தக் கப்பல்லவே பத்து? அம்பது" என்பான் இசக்கி.

"பச்சை இருபத்தஞ்சு. அதுலயாவது ஒத்துக்கிடுங்க."

"பச்சை இருபது. எங்க கேப்டன் டேபிள்லயே இருபது" என்பான் பஸ்தியான்.

"ஒம்ம கேப்டன் கறிக்கொழம்புல சீனி போட்டுச் சாப்பிட்டவன், நான் பார்த்திருக்கேன்" என்பான் கோயில்பிள்ளை.

முடிவுக்கு வராது. நாற்காலி யாருக்கு என்பதைக் கையில் யாருக்குக் குவியல் பெரிதாகத் தெரிகிறதோ அதை வைத்துத் தீர்த்துக்கொள்வார்கள். மதிப்பை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று, ஒருத்தனை ஒருத்தன் நம்பாமல், அவனவன் வில்லையை அவனவன் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான். வருஷக்கணக்காக அப்படித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்தியான் கையில் இருந்த மஞ்சள் வில்லை அத்தனையும் இசக்கியிடம் தோற்றான். இசக்கி அதை வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டு, கிளுகிளு என்று சத்தம் கேட்கத் தெருவோடு நடந்து வீட்டுக்குப் போனான். ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்லியிருந்தால் அந்த இவ்வளவுதான் போயிருக்கும். சொல்லாததால் நிறமே போனது. இது என் கணக்கு. வேறு கணக்கு வைத்திருக்கிறவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

காலனி இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. எதைத்தான் பழகவில்லை. புருஷன் வருஷத்தில் பத்து மாதம் இல்லாததைப் பழகிக்கொண்ட பெண்கள், குழாயில் வருகிற உப்புத் தண்ணீரைப் பழகிக்கொண்ட வயிறுகள், ஒரு நிறம் எம்மாத்திரம். பஸ்தியான் வீட்டு வாசலைத் தாண்டினால் வாழைப்பழம் வெளுக்கும் என்று பழக்காரிக்குத் தெரிந்துபோய், கனிந்ததா இல்லையா என்று அவளே வெளியில் வைத்து அழுத்திப் பார்த்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்து வேன் அந்த வாசலில் நிற்கும்போது முன்பாதி வெள்ளையாகவும் பின்பாதி மஞ்சளாகவும் நிற்க, பிள்ளைகள் பின்பாதியில் இருந்து முன்பாதிக்கு ஓடி ஓடி மஞ்சள் சட்டை வெளுக்கிறதைப் பார்த்துக்கொள்ள, டிரைவர் சத்தம் போட்டுவிட்டு, நாலு வீடு தள்ளி நிறுத்தப் பழகினான். பால்காரன் அந்த வீட்டில் மட்டும் தண்ணீர் கூடக் கலந்தான், பசும்பாலின் லேசான மஞ்சள் அங்கே யாருக்கும் தெரியாது என்பதால். வீட்டுக்காரர்கள் வெளியே போனாலும் அது கூடவே போனது. செலஸ்தீன் கோயிலில் பிடித்த மெழுகுதிரி அவள் கையில் மட்டும் வெள்ளைச் சுடராக நின்றது, பங்குச்சாமியார் அதைப் பார்த்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடர்ந்தார்.

இசக்கி வீட்டுக் கதை வேறு. அங்கே மஞ்சள் வந்து இறங்கியது. சோறு மஞ்சள், பால் மஞ்சள், சுவரில் வந்து உட்கார்கிற காக்காயின் கழுத்து மஞ்சள், கொடியில் காய்கிற வேட்டி மஞ்சள். முதலில் தெருவே அங்கே நின்றது. கல்யாண வீட்டுக்காரர்கள் தாலிக்கயிறைக் கொண்டுவந்து இசக்கியின் மனைவி பிரம்மசக்தியின் கையில் ஒரு நிமிஷம் கொடுத்து வாங்கிப் போனார்கள், லட்டு பிடிக்கிறவன் கடலைமாவு மூட்டையை வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனான், ஒருத்தன் பித்தளை வளையலைக் கொண்டுவந்து தங்கம் மாதிரி ஆக்கிக்கொண்டு போக, பிரம்மசக்தி விளக்குமாற்றை எடுத்தாள். இசக்கி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மீசையை முறுக்கினான், மீசையும் மஞ்சளாக இருந்தது. பிறகு அவன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவள் கண்ணைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பஜ்ஜியைத் தொடாமல் எழுந்தார்கள். பெண்ணுக்குக் காமாலை என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். கீழாநெல்லி கட்டுக்கட்டாக வாசலில் வந்து விழுந்தது.

காமாலை அந்த வீட்டில் இல்லை.

செலஸ்தீனுக்குச் சோறு இறங்கவில்லை. மீன் பொரிக்கிற வாசனை வந்தால் கொல்லைப்பக்கம் ஓடினாள். பிறகு உடம்பு அரிக்க ஆரம்பித்தது. உள்ளங்கை, உள்ளங்கால், முதுகு, அவள் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். சுகாதார நிலையத்து நர்ஸ் கீழிமையை இழுத்துப் பார்த்து, "கண்ணு பால் மாதிரி இருக்கு, ரத்தம் கம்மிம்மா" என்று சத்து மாத்திரை கொடுத்தாள். ரத்தம் எடுத்துப் பார்க்கிற இடத்துக்கும் போனார்கள். குழாயில் தெளிந்து நின்ற நீரை அங்கே இருந்தவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், தண்ணீர் மாதிரி இருந்தது, இயந்திரத்திலும் வைத்தான், இயந்திரமும் நிறத்தைத்தான் பார்க்குமாம், ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்தான். செலஸ்தீன் அதை நம்பவில்லை. அவள் அப்பா காமாலையில் போனவர். அந்த அரிப்பு அவளுக்குத் தெரியும்.

"இங்க பாருங்க" என்றாள் பஸ்தியானிடம். "எனக்கு இருக்கா இல்லையான்னு தெரியணும். நம்ம வீட்டுல மஞ்சள் இருந்தாத்தான் தெரியும். போய் வாங்கிட்டு வாங்க."

"ஆட்டத்துல போனது. ஆட்டத்துலதான் வரணும்."

"அப்ப ஆடுங்க."

ஆடலாம் என்றுதான் போனான். இசக்கியும் தட்டில் மஞ்சள் வில்லைகளை வைத்துக்கொண்டு தயாராகத்தான் இருந்தான், மகள் விஷயம் அவனையும் அரித்தது. ஆனால் வில்லையைத் தள்ளுவதற்கு முன்னால் அது எவ்வளவு என்று சொல்லவேண்டுமே. அந்த வாரம்தான் நாலு பேருக்கும் புத்தி வந்து, மதிப்பு வைக்காமல் இனி ஆடுவதில்லை என்று சபாபதி மேஜையில் அடித்துச் சொன்னான். நீலத்தைப் பத்து என்றார்கள், இசக்கி விட்டுக்கொடுத்தான். பச்சை இருபத்தஞ்சு, கறுப்பு நூறு. எல்லாம் நொடியில் ஆனது. மஞ்சளுக்கு வந்தார்கள்.

"மஞ்சள் ஐநூறு" என்றான் இசக்கி.

"மஞ்சள் அரை" என்றான் பஸ்தியான்.

"அரையா? வெள்ளைக்கும் கீழயா? யாருகிட்டவே கதை விடுதீரு?"

"எங்க கப்பல்ல மஞ்சள் சில்லறை. சில்லறைக்குத்தான் மஞ்சள்."

"அப்ப நான் ஒம்மகிட்ட ஜெயிச்சது சில்லறையா?"

"நான் தோத்தது ஐநூறு ஐநூறாவா?"

"ஒரு ரூவாக்கு ரெண்டு பொட்டலம் மஞ்சத்தூள் வித்த காலம் உண்டு. அதவச்சு அரைன்னே போடுங்களேன்" என்றான் கோயில்பிள்ளை. இரண்டு பேரும் அவனை முறைத்தார்கள்.

விஷயம் இவ்வளவுதான். ஐநூறு என்று ஒத்துக்கொண்டால் பஸ்தியான் அன்றைக்கு எல்லாவற்றையும் தோற்றவன் ஆகிறான். அரை என்று ஒத்துக்கொண்டால் இசக்கி ஒன்றும் ஜெயிக்காதவன் ஆகிறான். ஒருத்தன் புயலில் நங்கூரச் சங்கிலியைக் கையால் பிடித்தவன், ஒருத்தன் எஞ்சின் அறையில் முழங்கால் அளவு எண்ணெயில் நின்றவன், கடல் இரண்டு பேரையும் வளைக்கவில்லை, பிளாஸ்டிக் வட்டம் ஒன்றுக்காக இரண்டு பேரும் வளையமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வரும், கூடுவார்கள், ஐநூறு என்பான், அரை என்பான், வெயில் சாயும், கலைவார்கள். அடுத்த ஞாயிறு வரும். மாரிக்காலம் வந்து உப்பளம் நிரம்பியது, உப்புக் குவியல்களைக் கீற்றுப் போட்டு மூடினார்கள், மாரிக்காலம் போய்க் கீற்றை எடுத்தார்கள், ஐநூறு என்றான், அரை என்றான். செலஸ்தீன் இளைத்தாள். வளையல் முழங்கை வரை ஏறியது.

பிரம்மசக்தி ஒருநாள் பொறுக்காமல் மஞ்சள் வில்லை அத்தனையையும் சுளகில் அள்ளிக்கொண்டு பஸ்தியான் வீட்டுக்குப் போனாள். வாசலைத் தாண்டியதும் சுளகில் இருந்ததெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

"வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி. அவுகளுக்குத் தெரியாம கொண்டாந்தேன்."

"தெரியாம வாங்க நான் திருடனா?"

"அக்காவப் பாருங்க. ஆளு பாதியாயிட்டாக."

"கொண்டு போம்மா."

வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் சுளகில் மறுபடி மஞ்சள். அவள் தெருவிலேயே நின்று அழுதாள். கண்ணீரும் மஞ்சளாக இருந்தது, நாங்கள் பழகியிருந்தோம்.

அதுதான் எங்கள் லட்சணம். இந்தக் காலனியில் அத்தனை பேர் இருந்தோம். ஒருத்தராவது அந்த இரண்டு பேரையும் கழுத்தைப் பிடித்து உட்கார வைத்தோமா என்றால் இல்லை. பழக்காரி வெளியிலேயே அழுத்திப் பார்த்தாள், வேன்காரன் நாலு வீடு தள்ளி நிறுத்தினான், பக்கத்து வீட்டுக்காரி கதவு நிலைக்குப் பதில் முதுகு சொறிய ஒரு கட்டை வாங்கிக் கொடுத்தாள். ஒரு பெண் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தாள், நாங்கள் வசதி செய்துகொடுத்தோம்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபாபதி வீட்டு மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஒரு படி, பிறகு மூச்சு. ஒரு படி, பிறகு மூச்சு. செலஸ்தீன் மேலே வந்தாள். கொட்டகையில் எந்தப் பெண்ணும் அதுவரை ஏறினதில்லை. யாரையும் கேட்காமல் மின்விசிறிக்குக் கீழே, இசக்கியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இசக்கி அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்திருந்தான், செம்போடு நின்றுவிட்டான்.

"நீ எதுக்கு வந்த?" என்றான் பஸ்தியான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. "கொழுந்தனாரே, மஞ்சள் எவ்வளவு?"

"ஐநூறு, மதினி."

"இவுக?"

"அரை" என்றான் பஸ்தியான். குரல் முன்னைப்போல் இல்லை.

"வெள்ளை எவ்வளவு? அதுல சண்டை உண்டா?"

"வெள்ளை ஒண்ணு. அதுல சண்டை இல்ல" என்றான் சபாபதி.

முந்தானையை அவிழ்த்தாள். வீட்டில் பஸ்தியான் வைத்திருந்த வெள்ளை வில்லைகள் மேஜையில் கொட்டின.

"எங்க வீட்டுல வந்து பாருங்க. மஞ்சளையும் வெள்ளையையும் பக்கத்துல வச்சு எது எதுன்னு ஒருத்தர் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணுதான். இத்தனை நாளா அத வச்சுத்தான் நான் சமைக்கேன், அதத்தான் கழுத்துல போட்டிருக்கேன். வெள்ளை ஒண்ணுன்னா மஞ்சளும் ஒண்ணு. ஐநூறும் இல்ல, அரையும் இல்ல. நான் வெள்ளையைத் தாரேன், நீங்க மஞ்சளைத் தாங்க. யாரும் தோக்கல. யாரும் ஜெயிக்கல."

மின்விசிறி சுற்றியது. கோயில்பிள்ளைதான் முதலில் தலையாட்டினான். பிறகு சபாபதி. இசக்கி செம்பைக் கீழே வைத்தான், மடியை அவிழ்த்தான். பஸ்தியான் மேஜையைப் பார்த்துக்கொண்டே தலையை ஒருதரம் அசைத்தான்.

அவள் ஒரு வெள்ளையை வைத்து ஒரு மஞ்சளை எடுத்தாள், தெருக்கோடியில் அவள் வீட்டு மாதா படத்து பல்பு பழையபடி எரிந்தது, ஒரு வெள்ளையை வைத்து ஒரு மஞ்சளை எடுத்தாள், கூடையில் இருந்த எலுமிச்சை எலுமிச்சையானது, இன்னொன்றை வைத்து இன்னொன்றை எடுத்தாள், அஞ்சறைப்பெட்டிக்குள் மூடிய இருட்டில் கிண்ணம் நிறைந்தது, இசக்கி வீட்டுக் கொடியில் வேட்டி வெளுத்தது, அவன் மகளின் கண் வெளுத்தது, காக்காய் கறுத்தது, இன்னொன்றை எடுத்தாள், கழுத்துத் தாலி பொன்னானது, இன்னொன்று, நகம், இன்னொன்று, கன்னம், இன்னொன்று, கழுத்து, அவள் நிறுத்தாமல் வைத்தாள், நிறுத்தாமல் எடுத்தாள், கடைசி வில்லை அவள் உள்ளங்கைக்கு வந்தபோது வில்லையும் உள்ளங்கையும் ஒரே நிறமாக இருந்தன.

நிமிர்ந்து பஸ்தியானைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் வெள்ளை என்று ஒன்று இல்லை.

"பார்த்துச் சொல்லுங்க. இருக்கா?"

அவன் பார்த்தான்.

"இருக்கு" என்றான்.

"தெரியும்" என்றாள். "அப்பாவுக்கும் இப்படித்தான் அரிச்சுது."

இசக்கிதான் ஆட்டோ பிடிக்க ஓடினான். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைப் பார்த்த மாத்திரத்தில் பஸ்தியானைப் பார்த்துக் கேட்டார். "இவ்வளவு மஞ்சளா இருக்காங்களே. இத்தனை மாசமா வீட்டுல யாருக்கும் கண்ணு தெரியலையா?" அந்தக் கேள்வி எங்களுக்கும் சேர்த்துத்தான். வயிற்றுக்குள் ஒரு கட்டி பெரிதாகிப் பித்தநீர் போகிற வழியை அடைத்து ஈரலைத் தின்றுவிட்டிருந்தது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் என்று டாக்டர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், பஸ்தியான் வெளியே போய்விட்டான்.

சித்திரை முடிவதற்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள். சவப்பெட்டிமேல் பிரம்மசக்தி செவ்வந்திப் பூவைக் கொண்டுவந்து கொட்டினாள், மஞ்சள் செவ்வந்தி, கண் கூசியது. இசக்கி மகளுக்கு வைகாசியில் கல்யாணம் ஆனது. அவன் பத்திரிகை வைக்க வந்தபோது பஸ்தியான் கதவைத் திறக்கவில்லை, இசக்கியும் இரண்டாவது தரம் தட்டவில்லை, வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான். பஸ்தியான் இப்போது பூட்டின வீட்டுக்குள் இருக்கிறான். குழம்பில் மஞ்சள் போடுவதில்லை. குண்டு பல்பைக் கழற்றிவிட்டான். போன நிறம் திரும்ப வந்தபிறகு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கொட்டகையில் இப்போது வேறு ஆட்கள் ஆடுகிறார்கள், புதிதாக ஓய்வு பெற்று வந்தவர்கள். பெட்டியை சபாபதி கொடுத்துவிட்டான். ஆட்டம் முடிந்தால் எண்ணிப் பூட்டிவிட்டுத்தான் இறங்கவேண்டும். மின்விசிறிக்குக் கீழே இருக்கிற நாற்காலியில் யாரும் உட்காரக்கூடாது. சுவரில் பெயின்டில் எழுதியிருக்கிறது. வெள்ளை ஒன்று, சிவப்பு ஐந்து, நீலம் பத்து, பச்சை இருபத்தைந்து, கறுப்பு நூறு, மஞ்சள் ஒன்று. புதிதாக வருகிறவன் கேட்பான், ஒன்றுக்கு எதற்கு இரண்டு நிறம், எந்தக் கப்பலிலும் இப்படிக் கிடையாதே என்று. கிடையாதுதான். இது கப்பல் மதிப்பு இல்லை.

இது செலஸ்தீன் வைத்தது.